ஒன்பது அங்குலம்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், படிகள் திரும்பும் இடத்தில், இறுதிச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலையிலிருந்து வந்த மனிதர் குந்தியிருந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். அளவுநாடாவின் மறுமுனை என் கையில் இருந்தது. காலை பத்து மணியிருக்கும். கீழே ஒழுங்கையில் மீன்காரர் கூவிக்கொண்டு போவது படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்தது.

"மூண்டடி ரெண்டு," என்றார்.

எனக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்த எண்ணை என் கையால் எழுதியிருக்கிறேன்.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். வத்தளைப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் வீடுகளுக்கு வந்து வந்து தமிழ் பழகியவர். "இது திரும்பாது மிஸ். பெட்டி ஆறடி ரெண்டு. நடுவில கம்பி எண்டா அதுக்கு மேலால தூக்கலாம். இங்க சுவர் தானே."

"வேறை வழி இல்லையா?"

"நிமித்தித் தூக்கினா போகும். ஆனா ஐயா உள்ளுக்குள்ள கீழ சறுக்கிருவார்."

அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். தன் தொழிலில் பலமுறை பார்த்த ஒன்றைச் சொல்லும் குரல்.

பரிமளம் அன்ரி கேட்டது

பெட்டிக்குள் இருக்கவேண்டியவர் சிவஞானம் அங்கிள், எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் என் எதிர்வீட்டுக்காரர். களுபோவில ஆஸ்பத்திரியில் ஐந்து நாட்கள் இருந்து, ஆறாம் நாள் போய்விட்டார். உடலை நேரே மலர்ச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளவத்தையில் இப்போது அதுதான் வழக்கம். அங்கே குளிரூட்டி இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன, வாசலில் பெயர் எழுதிய பலகை வைப்பார்கள்.

அவருடைய மனைவி பரிமளம் அன்ரிக்கு அது சரிப்படவில்லை. கனடாவிலிருந்து வந்திறங்கிய மகன் குமரன் பயணப்பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. அன்ரி தொடங்கிவிட்டார்.

"நாப்பத்தாறு வருசம் என்னோட இருந்த மனுசன். வாடகை ஹோலில வைச்சு, ஆக்கள் சப்பாத்தோட வந்து கைகுடுத்திட்டுப் போறதோ? ஒரு மணித்தியாலம் வீட்டை கொண்டாங்கோ. பிறகு எங்கயெண்டாலும் கொண்டுபோங்கோ."

"அம்மா, அங்க எல்லாருக்கும் வசதி. ஏசி இருக்கு. பார்க்கிங் இருக்கு."

"செத்தவருக்கு என்னத்துக்கடா பார்க்கிங்?"

குமரன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பெண்கள் கனத்தைச் சுடலைக்குப் போவதில்லை. தகனத்துக்கு ஆண்கள் போவார்கள். பெண்களுக்கு வழியனுப்புவது வாசலோடு முடிந்துவிடும். ஆகவே அது எந்த வாசல் என்பது அவர்களுக்குச் சின்ன விசயம் அல்ல.

தொடர்மாடியின் நிர்வாகக் குழுச் செயலாளர் பாரூக் நானா, இரண்டாம் மாடி. அவரும் அன்று காலை ஏறி வந்தார்.

"நான் தடை செல்ல இல்ல மிஸ். மவுத்து வீட்டில யாரும் தடை செல்ல ஏலா. ஆனா லிப்ட்டுக்குள்ள நாலு பேர் நிண்டாலே மூச்சு விட ஏலா. படியால ஏலுமா எண்டு நீங்கதான் பாத்துச் செல்லோணும். நீங்க கீறுற ஆள் தானே."

ஓம், நான் கீறுகிற ஆள். ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடங்களாகப் படவரைஞராக இருக்கிறேன். அவர் வீடுகளை நினைப்பார், நான் கீறுவேன். இது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கட்டடத்தையும் நான்தான் கீறினேன் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. சொல்லவேண்டிய தேவை வரவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தாழ் போட்ட கதவு

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், பொதுச் சுவரோடு ஒட்டி நின்ற பதினொரு வீடுகளில் எட்டாவதில். வீதியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றே போல இருக்கும். மேலே மரச்சலாகைப் பின்னல், அதற்குள் ஒரு துண்டுச் சிவப்புக் கண்ணாடி. உள்ளே நீளமான ஒரு மண்டபம், அதன் பின்னால் அறைகள், அதன் பின்னால் கிணற்றடி. ஒல்லாந்தர் பாணி என்று சிலர் சொல்வார்கள். ஒல்லாந்தர் போய் வெகுகாலத்துக்குப் பிறகு கட்டியது என்று எங்கள் கட்டடக்கலைஞர் ஐயா சொல்வார்.

வசதியான வீடு என்று நான் அதைச் சொல்லமாட்டேன். காற்று கிடையாது. அடுத்த வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்துவைக்கலாம். அந்த வீட்டுக்காக நான் ஒருபோதும் ஏங்கியதில்லை.

ஆனால் அதன் முன்கதவு இரட்டைக் கதவு. ஒன்றை எப்போதும் தாழ் போட்டே வைத்திருப்போம், மற்றதால் போய்வருவோம். தாழ் போட்ட கதவை அலுமாரி வந்தால் திறப்போம். அப்பா போன அன்று திறந்தோம். மண்டபம், கதவு, படி, வீதி எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன. நாலு பேர் தூக்கினார்கள், அவர் நேரே போனார். ஒருவரும் ஒருவருக்கும் "கொஞ்சம் திருப்பு" என்று சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது. அதை ஒரு வடிவமைப்பு என்று நினைக்கவில்லை. கட்டியவர் அதை நினைத்துத்தான் கட்டினாரா என்பதும் தெரியாது. அம்மாவும் அதே கதவால்தான் போனார். தம்பி லண்டனுக்குத் திரும்பிப் போனபிறகு, வீட்டைக் கொடுத்துவிட்டு வெள்ளவத்தைக்கு நான் தனியாக வந்தேன்.

என்னுடைய ஒரே யோசனை

பாணி என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் நாளுக்குப் பத்துத் தடவையாவது கேட்பேன். வாடிக்கையாளர்கள் கைபேசியில் படம் கொண்டுவருவார்கள். ஒரு காலத்தில் வளைந்த பல்கனி கேட்டார்கள், அதற்கு அமெரிக்கன் ஸ்டைல் என்று பெயர். பிறகு தாழ்ந்த ஓட்டுக்கூரையும் நடுமுற்றமும் கேட்டார்கள். இப்போது சாம்பல் சுவர், கறுப்பு ஜன்னல்.

குடியேறி மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தால் வேறு கதை. அலுமினிய நிலையில் ஆணி இறங்காது என்பதால் மாவிலையை செலோடேப்பால் ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி பல்கனியில் பாய் காயும். நடுமுற்றத்தில் தண்ணீர்த் தாங்கி நிற்கும். மனிதர்கள் முகப்பைப் பார்த்து வீட்டை வாங்குகிறார்கள். பிறகு தங்கள் வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, இடம் இருக்கிறதோ இல்லையோ, உள்ளே நுழைத்துவிடுகிறார்கள்.

எங்கள் கட்டடத்துக்கு ஐயா முதலில் கீறச்சொன்னது நல்ல திட்டம். மழைக்கு நீண்ட தாழ்வாரம், கடற்காற்றுக்கு மரச்சலாகை, அகலமான படிக்கட்டு. கட்டுகிறவர் வந்து தாழ்வாரத்தை எடுத்தார், சலாகையை எடுத்தார், நீலக் கண்ணாடி போட்டார். படிக்கட்டை மட்டும் தொடவில்லை.

ஒரு நாள் ஐயா என்னைக் கூப்பிட்டார். இந்த ஒழுங்கையில் வீடு வாங்கப்போகிறவர்கள் உங்கள் ஆட்கள்தான், வந்து பார்க்கும்போது முதலில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தார். அந்த அலுவலகத்தில் நான் மட்டும்தான் தமிழ். சாமியறை என்றேன். அதற்கு இடம் இல்லையே என்றார்.

இடத்தை நான் கண்டுபிடித்தேன். படிக்கட்டின் முடிவுச் சுவரை ஒன்பது அங்குலம் உள்ளே தள்ளினால், படிகள் திரும்பும் தட்டு மூன்றடி பதினொன்றிலிருந்து மூன்றடி இரண்டாகும். அந்த ஒன்பது அங்குலத்தோடு மண்டபத்து மூலையைச் சேர்த்தால், ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டுக்குக் கிழக்கு பார்த்த ஒரு சின்ன அறை கிடைக்கும். விதிகளுக்கு உட்பட்டதுதான், அனுமதியும் கிடைத்தது. வரைபடத்தில் களஞ்சியம் என்று எழுதினோம். பார்க்க வந்தவர்கள் ஒருவர்கூடக் களஞ்சியம் என்று சொல்லவில்லை. கதவைத் திறந்ததும், "ஆ, சாமியறை," என்றார்கள். அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் முதலில் போயின.

எத்தனையோ கட்டடங்களில் மற்றவர்களுடைய யோசனைகளைக் கீறியிருக்கிறேன். இது ஒன்றுதான் என்னுடையது. ஐயா எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

நான் வாங்கியது மறுபக்கத்து வீடு. அதில் அந்த அறை கிடையாது.

அட்டையில் வெட்டிய பெட்டி

மலர்ச்சாலை மனிதர் போனபிறகு, அலுவலகத்துக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். அந்தக் கட்டடத்தின் பழைய வரைபடங்கள் என்னிடம் இருந்தன. மேசையில் விரித்தேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் தடித்த அட்டையில் ஒரு பெட்டி வெட்டினேன். நீளம் ஆறடி இரண்டு, அகலம் ஓரடி பத்து.

அதைப் படிக்கட்டின் மேல் வைத்து ஒரு விரலால் தள்ளினேன். திரும்பும் இடத்தில் மூலை சுவரில் இடித்தது. தலைமாட்டை முதலில் விட்டுப் பார்த்தேன், கால்மாட்டை விட்டுப் பார்த்தேன். இரண்டும் இடித்தன.

பிறகு திருத்தத்துக்கு முந்திய படத்தை எடுத்தேன். ஐயாவின் மூன்றடி பதினொன்று. அட்டைப் பெட்டி மெல்லத் திரும்பி, எங்கும் முட்டாமல் அடுத்த படிவரிசைக்குப் போனது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். உண்மை அளவில் ஒன்றரை அங்குலம் மிச்சமும் இருந்தது.

நான் திரும்பத் திரும்ப அதைச் செய்தேன். ஆறு தடவை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டுக்குப் போனபோது குமரனும் பாரூக் நானாவும் அங்கே இருந்தார்கள். அன்ரி என் முகத்தைப் பார்த்தார்.

"வராதோ?"

"பெட்டி திரும்பாது, அன்ரி."

பாரூக் நானா தொண்டையைச் செருமினார். "எங்கட ஆக்கள் எண்டா சந்தூக்குப் பெட்டியைக் கீழ வெச்சிட்டு மய்யத்தைப் போர்வையில தூக்குவாங்க. எங்கட உம்மாவை அப்பிடித்தான் ரெண்டு மாடி இறக்கின. நாலு பேர் போதும். நானும் புடிக்கிறேன்."

குமரன் உடனே, "அப்பாவை எடுத்து மடக்கி... வேண்டாம் நானா, என்னால ஏலாது," என்றான்.

எல்லோரும் அன்ரியைப் பார்த்தோம். அவர் மறுக்கமாட்டார், எப்படியாவது கொண்டுவரச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காக வேண்டிக்கொண்டேன். அங்கிள் அந்தப் போர்வையில் வந்துவிட்டால், அவரைத் தடுத்தது என் ஒன்பது அங்குலம் என்று ஆகாது.

அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வேண்டாம். அவர் ஒருத்தற்ற கையிலையும் தொங்கினவரில்லை. ஆஸ்பத்திரிக்கும் தானே நடந்துதான் லிப்டுக்குப் போனவர்." பிறகு, "அவருக்கு ஏற ஏலாட்டி நான் இறங்கி வாறன். கீழ எங்கயாவது வையுங்கோ," என்றார்.

ஐந்து, ஆறு, ஏழு

கீழே இருப்பது வாகனத் தரிப்பிடம் மட்டும்தான். எந்தக் கட்டடத்திலும் அதை நாங்கள் கடைசியாகக் கீறுவோம். எட்டடிக்குப் பதினாறடி, வரிசையாகக் கட்டங்கள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை சுண்ணக்கட்டியோடு இறங்கினேன். தலை தெற்கே இருக்கவேண்டும். ஐந்தாம், ஆறாம் கட்டங்கள் நல்லவேளையாகத் தெற்கு வடக்காக இருந்தன. அவற்றின் கார்களை எடுத்துவிட்டார்கள். ஏழாம் கட்டத்துக் கார் அவுஸ்திரேலியாவில் இருப்பவருடையது, சாவியும் அவரோடு. அது தன் துணி உறையோடு அப்படியே நின்றது. பெட்டிக்கு ஒரு நீள்சதுரம் கீறினேன். ஐயர் இருக்க ஓர் இடம். கால்மாட்டில் பெண்கள் நிற்க, தூணிலிருந்து ஆறடி விட்டு ஒரு கோடு. ஆட்கள் வந்துபோக வழி.

பாரூக் நானா வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "மிஸ், இவ்வளவு வடிவாக் கீறிட்டு வெள்ளம் ஊத்திக் கழுவப் போறீங்களே."

பெட்டி வாசல் கேற்றால் நேரே உள்ளே வந்தது. அன்ரியை லிப்டில், சின்ன ஸ்டூல் ஒன்றில் இருத்திக் கொண்டுவந்தோம். மல்லிகை மாலையின் வாசமும், மருந்து வாசமும், கார் எண்ணெய் வாசமும் ஒன்றாக இருந்தன. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது மேலே யாரோ கழிப்பறையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எங்கள் தலைக்கு மேல் ஓடிய குழாய்க்குள் அது கடகடவென்று இறங்கிப் போனது. ஐயர் அது முடியும்வரை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். அந்தக் குழாயையும் நான்தான் அங்கே போட்டேன்.

வாய்க்கரிசி போடும்போது அன்ரி அழவில்லை. அங்கிளின் காதருகே குனிந்து எதையோ சொன்னார். கடற்கரைப் பக்கமாக ரயில் போன நேரம், ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் என்றது முக்கால் மணியில் முடிந்தது. ஆண்கள் தூக்கினார்கள். பெண்கள் கேற்றடியில் நின்றோம். வண்டி பெரிய தெருவான காலி வீதிக்குத் திரும்பும்வரை அன்ரி கேற்றின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு தன்னை மேலே கூட்டிப்போகச் சொன்னார்.

வாளிகள்

பிரேதம் போனவுடன் வீட்டைக் கழுவுவது எங்கள் வழக்கம். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் சேலையைச் செருகிக்கொண்டு, வாளியும் தும்புத்தடியுமாக அன்ரியின் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கதிரைகளை ஓரம் தள்ளத் தொடங்கினார்.

"என்னத்தைக் கழுவப் போறியள்?" என்று அன்ரி கேட்டார்.

அவர்கள் நின்றார்கள்.

"அவர் இஞ்சை வரேல்லையே."

அவர்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு தரிப்பிடத்தைக் கழுவக் கீழே இறங்கினார்கள். காவலாளி ஏற்கனவே குழாய் பிடித்துக் கழுவிவிட்டார் என்று லிப்டிலிருந்து ஒருவர் சொல்வது கேட்டது. ஆனாலும் திரும்பி வரவில்லை. குமரன் கனத்தையிலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும்.

மண்டபத்தில் நாங்கள் இருவரும்தான். காய்ந்த தரை. சாமியறைக் கதவு சாத்தியிருந்தது. துடக்கு, தீட்டு என்பதால் யாரோ அதன் கைபிடியில் ஒரு வெள்ளைத் துணியும் கட்டியிருந்தார்கள்.

இப்போது சொல்லாவிட்டால் இனிச் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அன்ரி, இந்தக் கட்டடம் நான் கீறினது. அந்தப் படியை ஒடுக்கினது நான்தான். முந்தி இருந்த அளவில விட்டிருந்தா அங்கிள் மேல வந்திருப்பார்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு ஒடுக்கினீர்?"

"ஒன்பது அங்குலம்."

"ஒரு சாண்."

"ஓம் அன்ரி. சாமியறைக்கு இடம் காணேல்லை. அதுக்காகத்தான்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. அவர் அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உதுவும் நீர்தானோ," என்றார். "அவர் விடிய நாலரைக்கு எழும்பி உதுக்குள்ள போனா ஆறு மணிக்குத்தான் வெளிய வருவார். பத்து வருசம். தேவாரம் எனக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில இருக்கேக்க இரண்டு பேரும் பக்கத்தில இருந்துதான் படிக்கிறனாங்கள். இஞ்ச வந்தாப் பிறகு நான் குசினிக்குள்ள நிண்டு கேக்கிறது." குரல் உயரவில்லை. "படியை விடும், பிள்ளை. உதுக்குள்ள இரண்டு பேர் இருக்கேலாது. கீறேக்க உமக்கு அது தெரியேல்லையோ?"

"நினைக்கேல்லை, அன்ரி," என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு, "சரி, போய் முழுகும். செத்தவீட்டில நிண்டனீர்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்ததும் குமரன் அவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். நான்காம் மாடியில் இப்போது நான் மட்டும்தான்.

நினைக்கவில்லை என்று நான் அன்று அன்ரியிடம் சொன்னது உண்மை. அந்த அறையை அளந்த நாளில் அலுவலகத்தில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஓர் ஆள் இருந்து கும்பிட எவ்வளவு இடம் வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேசையைத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு இருந்தேன். நாடாவை ஒரு முழங்காலில் அழுத்தி மற்ற முழங்காலுக்கு இழுத்து, எனக்கு நானே அளவெடுத்தேன். இரண்டடி நான்கு அங்குலம். இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் சேர்த்தேன். அது தாராளம் என்றுதான் எனக்குத் தோன்றியது.